துறையிற் காத்திருக்கும் பிள்ளை

1985 ஆம் ஆண்டு மே மாதம் 15 ஆந் திகதி நெடுந்தீவினின்றும் புறப்பட்ட குமுதினிப் படகிலே 20 இற்கு மேற்பட்டோர் வெட்டுண்டு மாண்டனர். இத்தகைய சாவு நேர்ந்த இல்லங்களிலே, “அப்பா தூரதேசம் போயினார், வருவார்” என்று சிறாரைத் தேற்றுவாருளர். நாம் அதனைத் தேறுதலென்னோம்; வாராத படகுக்காக அப்பிள்ளையைத் துறையிலே காத்திருக்க வைக்குங் கொடுமையென்போம்.

பெரியபுராணத்தை நோக்குமின். பெற்றோரை இழந்து, மணம் பேசிய கலிப்பகையாரும் போரில் மாண்டமை கேட்டு உயிர்விடத் துணிந்த திலகவதியார், தம்பியார் அழுது வேண்ட, அவர்பொருட்டே உயிர் தாங்கினார். அத்தம்பியாரே நாவுக்கரசர். துயருற்ற பிள்ளைக்கு வேண்டுவது உபதேசமன்று (உபதேசஞ் செய்யும் நாமே இதனைச் சொல்லுகிறோம்!), உடனிருக்கும் ஒருவரே.

உண்மையை எளிய சொல்லாற் கூறுமின். அந்தியேட்டியிலே பக்கத்தில் இருத்துமின். இரவில் அலறினுஞ் சினவன்மின். சில நாட் கழித்து அப்பிள்ளை அதே வினாவை மீட்டும் வினாவும். மீட்டும் அவ்விடையே பொறுமையோடு கூறுமின்.