பெயரில்லாத உளி

ஹிரோஷிகே 1856இல் எழுதிய அசாகுசாக் கோயில் வாசலில் பனி கொட்டுகிறது. முன்னால் பெரிய சிவப்பு விளக்குத் தொங்குகிறது. அந்த வாசல் 1865இல் எரிந்தது. 1960இல்தான் மறுபடி எழுந்தது. இடையில் 95 வருஷம் அது நின்றது படத்தில்தான்.

படம் யாருடையது? சித்திரத் தாளைச் செர்ரிப் பலகைமேல் ஒட்டி, தாளோடு சேர்த்துச் செதுக்குவார்கள். வேலை முடியும்போது தாள் இராது. நாம் பார்ப்பதெல்லாம் செதுக்கியவன் கைக்கோடு. புகழ் என்னவோ ஹிரோஷிகேவுக்கு.

கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குப் பெயர் வந்தது, சரி. வாகைப் பலகையில் மண்டபத் தூண்களை எழுப்புகிறவனுக்கு?

“சாமி வேலையிலே என் பேரு எதுக்குங்க?” என்றார் ஓர் ஆசாரி.

என்ன அடக்கம் என்று மெச்சிக்கொண்டே பஸ் ஏறினேன். சின்னசேலம் தாண்டியபோதுதான் உறைத்தது: என் கதை எதையும் நான் பெயர் போடாமல் அனுப்பியதில்லை.