இல்லத்துப் பொருளும் எனதென்னும் பற்றும்

பூவிருந்தவல்லியில் வாழும் சைவ அம்மையார் ஒருவர், தம் கணவரை இழந்து ஓராண்டு கழிந்தபின், எம்பால் ஒரு வினா விடுத்தனர். அவர்தம் இல்லம் மூன்று தலைமுறையினர் வாழ்ந்த பழைய ஓட்டு வீடு. மாமியார் காலத்துப் பித்தளை அண்டாக்களும், குத்துவிளக்குகளும், கால் ஒடிந்த நாற்காலிகளும், கணவர் அரும்பாடுபட்டுத் திரட்டிய சைவ நூல்களும், கட்டுக்கட்டாகப் பழைய பத்திரிகைகளும் பரணிலும் கூடத்திலும் நிறைந்து, நடத்தற்கும் இடமின்றிப் போயிற்று. அயல்நாட்டிலுள்ள மக்களோ, "எல்லாவற்றையும் காயலான் கடைக்குப் போட்டுவிடுங்கள், அம்மா" என்கின்றனர். அம்மையார் காலையில் ஒரு மூலையில் தொடங்குவார். ஒரு பொருளைக் கையிலெடுத்து, அதனோடு வந்த நினைவில் ஆழ்ந்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, மாலையில் களைத்து அமர்ந்துவிடுவார். "வைத்துக்கொண்டால் பற்று என்கிறீர்கள்; எறிந்தால் பாவமோ என்று அஞ்சுகிறேன்; இடையில் எனக்கு மூச்சு முட்டுகின்றது" என்பது அவர் எழுதியது.

இவ்வினா இல்லறத்தார்க்கே உரியதென்று கருதற்க. உக்கிராண அறைகள் நிறைந்து வழியும் மடங்களுக்கும் இஃது உரியதேயாம்.

பொருள்களே பந்தம், அவற்றை ஒழித்தலே உய்யும் நெறி என்பார் ஒருசாரார். இது நம் சித்தாந்தத்துக்கு ஒவ்வாது. உலகு பொய்த்தோற்றம் என்பது நம் கொள்கையன்று. தனு, கரண, புவன, போகம் என்னும் நான்கும் உயிர் உய்தற்பொருட்டு மாயையினின்று இறைவன் ஆக்கி உதவியவை. ஆணவ இருளிற் கிடக்கும் உயிர்க்கு அவை விடியுங்காறும் எரியும் விளக்கை ஒப்பன என்னும் கருத்தினை உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் வைத்தருளினர். ஆகவே பித்தளை அண்டாவின்மேல் குற்றமில்லை. அதனைச் சுற்றி 'எனது' என்று கோடு கிழிப்பது ஆணவத்தின் தொழில். அண்டா வீட்டை விட்டு அகன்றபின்னும் அக்கோடு அழியாதிருத்தல் கூடும்.

அற்றேல், பொருள்கள் கிடந்தவாறே கிடக்க, உள்ளத்தால் துறந்தாற் போதாதோ எனின், அதுவும் அமையாது. இவ்வாறு கூறுவார் பலர், சோம்பலுக்கு இதனினும் இனிய சமாதானம் வேறில்லை, யாமும் கூறியதுண்டு. உயிர் தான் சார்ந்ததன் தன்மையாய் நிற்பது என்பது மெய்கண்ட நூல்களின் துணிபு. பளிங்கு தன்னருகு வைத்த பொருளின் நிறத்தைக் காட்டுமாறுபோல, குவியலைச் சார்ந்த உயிர் குவியலாகவே நிற்கும். அம்மையாருக்கு மூச்சு முட்டுவது இதனாலேயாம். ஒவ்வொரு பொருளும் அவரை ஒவ்வொரு காலத்துக்கு இழுக்கின்றது. ஒரு நாளில் ஐம்பது ஆண்டு வாழ்ந்து களைக்கின்றார். சரியை நெறி திருக்கோயிலில் அலகிடுதலையும் மெழுகிடுதலையும் முதற்கண் வைத்ததும் இதுபற்றியே போலும். அப்பரடிகள் உழவாரங் கொண்டு திருமுற்றத்துப் புல்லைச் செதுக்கினார். திருப்புகலூரில் அவ்வுழவாரம் நுழைந்தவிடத்தெல்லாம் பொன்னும் மணியும் தோன்றவும், பருக்கைக் கற்களோடு அவற்றையும் ஒருங்கே வாரி வாவியில் எறிந்தார். புறத்தைத் தூய்மை செய்த கை அகத்தின் தூய்மையைக் காட்டிய இடம் அது.

இனி, எறிதல் எவ்வாறு என்பதே கடினமான பகுதி. 2015 டிசம்பரில் பூவிருந்தவல்லிக்கு அணித்தான செம்பரம்பாக்கம் ஏரியின் மிகைநீர் திறந்துவிடப்பட்டு அடையாற்றங்கரை வெள்ளக்காடாயிற்று. நீர் வடிந்தபின் மெத்தைகளும் அலமாரிகளும் புத்தகங்களும் தெருவோரங்களிற் சேறாய்க் குவிந்துகிடந்தன. எம் நண்பர் ஒருவரும் அவ்வெள்ளத்தில் தம் வீட்டுப் பொருள்களையெல்லாம் இழந்தனர். நனைந்தழிந்த ஒரு திருமணப் படத்தொகுப்பைப் பற்றி அவர் இன்றும் பேசுகின்றார். பொருள் தானே போயிற்று, பற்றுப் போகவில்லை. போகியன்று எரிப்பவர் நிலையும் இதுவே. டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தவேண்டாவென்று மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் வேண்டியும், ஊரெங்கும் கரும்புகை மண்டுகின்றது. மறுநாளே புதியன வந்து அவ்விடத்தை நிரப்புகின்றன. வேறு சிலர் கண்ணாடி உடைந்த சுவாமி படங்களைக் கொணர்ந்து கோயில் அரசமரத்தடியில் சாய்த்துவிட்டுத் திரும்பிப் பாராது போகின்றனர். தமக்கு வேண்டாததை ஆண்டவன் வாயிலில் தள்ளிவிட்டு அதனைப் பத்தியென்று எண்ணுதல் எவ்வளவு பேதைமை!

எறியத் தயங்கும் அம்மையாரின் அச்சமும் வீணன்று. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழைய ஏடுகள் ஆகம விதி என்னும் பெயரால் ஓமத்தீயில் இடப்பட்டதைக் கேட்டு உ. வே. சாமிநாதையர் உள்ளம் நொந்ததை அவர் எழுத்தாலேயே அறிகின்றோம். குப்பையென்று ஒருவர் கருதியது மற்றொருவர்க்குக் கண்மணி. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் பழைய நூல்களையும் இதழ்களையும் சிறு துண்டுத்தாள்களையுங்கூடத் திரட்டினார். அவர் மறைந்தபின் அத்திரட்டு சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகமாயிற்று. அயலார் கண்ணுக்கு அது வெறுங் குவியலாகவே தோன்றியிருத்தல் கூடும்.

ஆகவே வைத்தலா, எறிதலா என்று வினாவுதல் பொருந்தாது. யாருக்கு என்று வினாவுதல் வேண்டும். இதற்கு விடைகாண நெடுந்தூரம் போகவேண்டுவதில்லை; பூவிருந்தவல்லிக்கு அண்மையிலேயே திருவேற்காடு இருக்கின்றது. அவ்வூரில் தோன்றிய மூர்க்க நாயனார் நாள்தோறும் சிவனடியார்க்கு அமுதளித்து வாழ்ந்தவர். அடியார் கூட்டம் பெருகப் பெருகத் தம் நிலத்தையும் பிற உடைமைகளையும் ஒவ்வொன்றாக விற்றார். வீட்டுச் சுமை குறையவேண்டுமென்பது அவர் கருத்தன்று. தம் மனத்துக்கு ஓய்வு தேடியவரும் அல்லர். வாயிலில் ஒருவர் பசித்து நின்றார்; பொருள் அவர்பாற் சென்றது; வீடு வெறுமையானது அதன் விளைவு. பின்னர்ச் சூதாடி ஊர்தோறும் சென்று குடந்தை அடைந்ததும், பொய்யாடியவரைச் சுரிகையாற் குத்தியதும் நமக்கு வழிகாட்டியல்ல. அவை அவர் அன்பின் மிகுதியால் நேர்ந்தவை. அவற்றை நாம் பின்பற்றப் புகுந்தால் காவல் நிலையத்துக்குத்தான் செல்லவேண்டும். எம் உள்ளத்தைப் பிணிக்கும் செய்தி வேறொன்று. சூதில் வென்ற பொருளை அவர் தம் கையால் தீண்டவில்லை. அமுது சமைப்பாரே அதனை ஏற்றனர். அடியார் அனைவரும் உண்டபின் கடைப்பந்தியில் தாம் உண்டார். குன்றத்தூர்ச் சேக்கிழார் பெருமான் இச்சிறு செய்தியை விடாது கூறியருளியது கருதத்தக்கது. 'எனது' என்னும் கோடு கை தீண்டுமிடத்திலேதான் தொடங்குகின்றது.

அவ்வட்டாரத்தில் திருநின்றவூரும் உளது. பூசலார் நாயனார் கோயிலெடுக்கப் பொருள் தேடி ஒன்றும் பெறாதவர். அவர் கல்லையும் மரத்தையும் மனத்தாலேயே தேடிச் சேர்த்து, நாளடைவில் கோயில் முற்றுவித்து, குடமுழுக்குக்கு நாளுங் குறித்தார். காஞ்சியில் கற்றளி எடுத்த காடவர்கோனுக்கு இறைவன் கனவிற் கூறியபின்னரே உலகம் அதனை அறிந்தது. இதனால் ஒன்று தெளிவாகின்றது: உள்ளம் வெறுமையாய் இருக்க அறியாது. பரணைக் காலிசெய்துவிட்டு உள்ளத்தை நிரப்பும் பொருளைத் தேடாதவர்க்குப் பரண் விரைவில் மீளவும் நிறைந்துவிடும். பற்று இடம் மாறுமேயன்றி வாளா ஒழியாது. அது பதியின்பால் மாறுதலையே நம் நூல்கள் வேண்டுகின்றன.

இவற்றைக் கருதி அம்மையாருக்கு யாம் எழுதிய விடையின் சுருக்கம் இது. முழு வீட்டையும் ஒருங்கு நோக்கவேண்டா; அந்நோக்கே உயிரைத் திகைப்பிக்கின்றது. ஒரு நாளைக்கு ஓர் அலமாரித் தட்டு போதும். ஐந்தெழுத்தை ஓதித் தொடங்குக. ஒரு பொருளை எடுத்தவுடன் அதன் கதையை நினையாது, இது யாருக்கு வேண்டும் என்று வினவுக. அண்டாக்களை அன்னம்பாலிப்பு நடைபெறும் கோயிலுக்கோ மடத்துக்கோ கொடுக்கலாம். ஆனால் வேண்டுமோவென்று முதலிற் கேட்டு, ஈயம் பூசித் தருக. ஓட்டைப் பாத்திரத்தைத் தானமென்று தராது பழைய பித்தளையாக விற்று, அத்தொகையை ஒருவர் பசிக்கு ஆக்குக. நூல்களையும் பத்திரிகைகளையும் எடைக்குப் போடுமுன் அறிந்தார் ஒருவரைக்கொண்டு பார்க்கச் செய்க. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய இதழ்கள் பல படியெடுத்து ஏற்றப்பட்டுள்ளன. அங்கில்லாத ஓர் இதழ் அக்கட்டில் இருத்தல் கூடும். கணவர் தீக்கை பெற்றுப் பூசித்த பொருள்கள் உளவாயின், அவற்றைப் பிறர் சொற்கேட்டு விடாது, குருமரபிலுள்ளாரைக் கேட்டு அவர் பணித்தவாறு செய்க. அவர் நாள்தோறும் ஓதிய திருமுறைப் பிரதியைத் தாமே வைத்துக்கொள்க. பெட்டியிலிட்டுப் பூட்டாது, அதனை விரித்து ஓதுக.

மடத்துப் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். அன்பர் தரும் குத்துவிளக்கும் பட்டும் வெள்ளியும் உக்கிராணத்தில் அடைபட்டுக் கிடக்க, விளக்கேற்ற எண்ணெயும் இல்லாத சிற்றூர்க் கோயில்கள் இத்தொண்டை நாட்டிலேயே பல உள. ஏற்பது மட்டும் மரபாய், வழங்குவது மறைந்துவிட்டால், அங்கும் 'எனது' என்பது 'மடத்தது' என்னும் பெயரில் நின்றதாகும். இது சிலர்க்குக் கசக்கும்; கசப்பினும் கூறாதிருத்தல் எமக்குத் தகாது.

மூன்று திங்கள் கழித்து அம்மையாரிடமிருந்து மறுமடல் வந்தது. பெரிய அண்டா இரண்டும் அன்னம்பாலிப்புக்குச் சென்றனவாம். கூடத்தில் இப்போது விளக்கேற்றி அமர்ந்து ஓத இடம் இருக்கின்றதாம். நூற்கட்டுகளில் பாதியே பிரிக்கப்பட்டுள. எஞ்சியவற்றைத் தொட இன்னும் துணிவில்லையென எழுதியிருந்தார். கணவர் அமர்ந்து படித்த கால் ஒடிந்த நாற்காலி ஒன்றையும், யாருக்கும் பயனில்லையெனத் தெரிந்தும், வெளியேற்ற மனம் வரவில்லை. இது பற்றுத்தானே என்று கேட்டிருந்தார். பற்றுத்தான், ஆயினும் இருக்கட்டும், தச்சரை அழைத்துக் காலை மட்டும் ஒட்டிவையுங்கள் என்று எழுதினோம்.