தன்னறமும் ஒரு கஜத் தூரமும்

தன் வேலை எது, பிறர் வேலை எது என்ற கேள்வியை இந்திய மெய்யியல் சுதர்மம் என்ற சொல்லால் குறித்தது. தமிழில் அது தன்னறம். கீதை இதை மூன்றாம் அத்தியாயத்திலும் பதினெட்டாம் அத்தியாயத்திலும் பேசுகிறது. குறையோடு செய்தாலும் தன் அறமே மேலானது, பிறர் அறத்தைத் திறம்படச் செய்வதைவிடவும் மேலானது என்பது அதன் கருத்து. இன்னாருக்கு இன்ன தொழில் என்று பிறப்பை வைத்தே நெடுங்காலம் இதற்கு உரை சொல்லி வந்தார்கள். அந்த உரையை அசைத்த எழுத்துகளில் முக்கியமான ஒன்று புதுச்சேரியில் எழுதப்பட்டது.

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அந்த ஊருக்கு அரவிந்தர் 1910 ஏப்ரல் 4 அன்று வந்தார். ஏற்கெனவே 1908 முதல் அங்கே தங்கியிருந்த பாரதி கீதையைத் தமிழாக்கினார். அரவிந்தர் 1916 முதல் 1920 வரை ‘ஆரியா’ இதழில் கீதையைப் பற்றித் தொடராக எழுதினார். தன்னறம் பிறப்பிலிருந்து வருவதன்று, சுபாவத்திலிருந்து வருவது என்பது அவர் வாதம். அறிவு, வீரம், கொடுக்கல் வாங்கல், உழைப்பு ஆகிய நான்கு ஆற்றல்களும் ஒவ்வொருவரிடமும் உண்டு. ஏதோ ஒன்று மேலோங்கி நிற்கும். ஆகவே ஒருவருக்கு வெளியிலிருந்து ஒட்டப்பட்ட பெயரைக் கொண்டு அவருடைய அறத்தை அறிய முடியாது.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. ஓர் இடத்துக்கென்றே பழக்கப்பட்டவரைச் சற்று நேரம் வேறோர் இடத்தில் நிறுத்தினால் அது பிறர் அறமா, தன்னறமா? நூல்களைவிட ஆடுகளம் இந்தக் கேள்வியைத் துலக்கமாகக் காட்டும். புதுச்சேரியில் இன்றும் ஆடப்படும் பெத்தாங்க் ஆட்டத்தில் மூவர் அணிக்கு ஆளுக்கு இரண்டு இரும்புக் குண்டுகள். சிறிய மரப்பந்துக்கு அருகே குண்டை நைசாகக் கொண்டுபோய் நிறுத்துபவர் ஒருவர்; எதிரணியின் குண்டைக் குறிபார்த்து அடித்து விரட்டுபவர் இன்னொருவர். அடிப்பவரின் இரண்டு குண்டுகளும் தீர்ந்த பிறகும் எதிரணியின் குண்டு மரப்பந்தை ஒட்டியே கிடந்தால், நிறுத்துபவர்தான் அடிக்க வேண்டும். அவர் கை பழகியது வேறு. வேளை கேட்பது வேறு.

இதே நிலையின் மிகக் கூர்மையான வடிவம் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் உள்ளது. அங்கே தாக்கும் பதினொருவர் வேறு, தடுக்கும் பதினொருவர் வேறு. நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். எல்லைக்கோட்டுக்கு ஒரு கஜம் மிச்சம் இருக்கும்போது தடுக்கும் அணி முழுவதும் அந்தக் குறுகிய இடத்தில் நெருக்கி நிற்கும். பந்தை ஏந்தி வருபவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பயன் குறைவு. அவருக்கு முன்னால் யாராவது சுவரை உடைக்க வேண்டும். அந்த நேரத்தில் சில பயிற்சியாளர்கள் தற்காப்பு வரிசையின் பெருத்த உடல்காரர் ஒருவரை அழைத்து, பந்தேந்துபவருக்கு முன்னால் வழிதிறப்பவராக நிறுத்துவார்கள். ஜார்ஜியா பல்கலைக்கழகம் 2021இல் ஜேலன் கார்ட்டர், ஜோர்டன் டேவிஸ் என்ற இரு தற்காப்பு வீரர்களை எல்லைக்கோட்டருகே தாக்குதலில் இறக்கியது. டேவிஸ் ஏறத்தாழ 150 கிலோ எடை கொண்டவர். ஓர் ஆட்டத்தில் பந்தையே ஏந்திப் புள்ளியும் எடுத்தார். அந்தப் பருவத்தின் தேசியப் பட்டம் ஜார்ஜியாவுக்குக் கிடைத்தது.

சுபாவத்தை வைத்துப் பார்த்தால் இதில் அறமீறல் எதுவும் இல்லை. தாழ்ந்து நின்று, முதல் அடியிலேயே வெடித்துக் கிளம்பி, எதிரே நிற்பவரைத் தள்ளுவதுதான் தற்காப்பு வரிசைக்காரரின் இயல்பு. தாக்குதலில் நின்றபோதும் அவர் செய்தது அதையேதான். மாறியது பெயரும் பக்கமும். அந்தப் பிரிவுகூட இயற்கையில் வந்ததன்று, விதியால் வந்தது. 1941இல் ஆட்களைத் தாராளமாக மாற்றிக்கொள்ள வழி பிறந்தது. 1953இல் அது சுருக்கப்பட்டது. 1960களின் நடுவில் மீண்டும் திறந்துவிடப்பட்டது. கட்டுப்பாடு இருந்த காலங்களில் ஒரே ஆள் தாக்கவும் தடுக்கவும் செய்தார். ஒரு தலைமுறை விதியாக வைத்ததை அடுத்த தலைமுறை சுபாவம் என்று நம்பிவிடுகிறது. பிறப்பையும் தொழிலையும் பிணைத்த பழைய உரைகளிலும் நடந்தது இதுவேயென்று கருத இடம் உண்டு.

ஆனாலும் கேள்வி அதோடு முடிந்துவிடவில்லை. கல்லூரி ஆட்டத்தைத் தாண்டித் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தால், சிகாகோ பேர்ஸ் அணியின் வில்லியம் பெர்ரியின் கதை வேறொரு பக்கத்தைக் காட்டுகிறது. 1985 அக்டோபர் 21 அன்று பயிற்சியாளர் மைக் டிட்கா இந்தத் தற்காப்பு வீரரைத் தாக்குதலில் இறக்கினார். அன்று அவர் வால்டர் பேட்டன் இரண்டு முறை எல்லையைக் கடக்க வழி திறந்தார். ஒரு முறை தாமே கடந்தார். பேட்டன் அந்த அணியின் தலைசிறந்த பந்தேந்தும் வீரர். 1986 ஜனவரி 26 அன்று நடந்த இறுதியாட்டத்தில் சிகாகோ 46–10 என்று வென்றது. ஒரு கஜத் தூரத்திலிருந்து பெர்ரி எல்லையைக் கடந்தார்; பேட்டனுக்கு அந்த ஆட்டத்தில் ஒரு முறைகூட அது வாய்க்கவில்லை. அவர் ஆடிய ஒரே இறுதியாட்டம் அதுதான். பேட்டனுக்கு அந்த வாய்ப்பைத் தராததற்காகத் தாம் வருந்துவதாக டிட்கா பின்னாளில் சொன்னார்.

வழி திறந்தபோது பெர்ரி பிறருடைய வேலைக்குத் துணை நின்றார். பந்தை ஏந்தியபோது அந்த வேலை அதற்கு உரியவரிடமிருந்து போய்விட்டது. இரண்டும் ஒரே உடல், ஒரே வலு, ஒரே ஒரு கஜம். அறத்தின் கணக்கில் இரண்டும் ஒன்றல்ல. பிறர் அறம் அச்சம் தருவது என்ற கீதையின் எச்சரிக்கை, செய்பவருக்கு மட்டும் உரியதாகவே பெரும்பாலும் வாசிக்கப்படுகிறது. இடத்தை இழப்பவருக்கும் அதில் பங்கு உண்டு.

பிழை பெர்ரியுடையதும் அன்று, பேட்டனுடையதும் அன்று. ஏவியவர் முடிவு அது. திருக்குறள் இந்த முனையிலிருந்துதான் தொடங்குகிறது. ‘தெரிந்துவினையாடல்’ அதிகாரம், இந்த வேலையை இந்த வழியில் இவர் முடிப்பார் என்று ஆய்ந்த பிறகே ஒப்படைக்கச் சொல்கிறது. ஆய வேண்டியது ஏவுபவரின் கடமை. கல்லூரி ஆட்டத்தில் இது இன்னும் கனமானது. களத்தில் நிற்பவர் இருபது வயதை ஒட்டிய மாணவர். அவருடைய நாளைய பிழைப்பு தற்காப்பு வரிசையில் இருக்கிறது. பழகாத கோணத்தில் முழங்கால் மடங்கினால் அந்த ஒரு கஜத்தின் விலையை அவரே கொடுப்பார். அவரால் மறுக்க முடிகிறதா என்று கேட்காமல் இந்த உத்தியை நியாயப்படுத்த முடியாது.

மனமுவந்து இடம் மாறுவது எப்படியிருக்கும் என்பதற்குப் புதுச்சேரியிலேயே ஒரு கட்டடம் சான்று. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியை வடிவமைத்தவர் அன்டோனின் ரேமண்ட். 1930களின் பிற்பகுதியில் அதைக் கட்டியபோது, கட்டட வேலையே தெரியாத சாதகர்கள் பலர் கான்கிரீட் வேலையில் இறங்கினார்கள். பணியை மேற்பார்வையிட வந்த ஜார்ஜ் நகஷிமா சம்பளத்தை விட்டுவிட்டுத் தாமும் சாதகரானார். பின்னாளில் அமெரிக்காவில் மரவேலைக் கலைஞராகப் பெயர் பெற்றார்.

நெருக்கடியில் இடம் மாறுவதற்கு மகாபாரதத்தின் சாந்தி பர்வம் ஆபத்தர்மம் என்று பெயர் வைத்து ஒரு பகுதியையே ஒதுக்கியிருக்கிறது. நெருக்கடி அளவுக்கே அனுமதி. அது தீர்ந்தால் திரும்பிவிட வேண்டும். விராட பர்வத்தில் இது கதையாகவே நடக்கிறது. நடனம் கற்பிக்கும் பிருகந்நளையாக மறைந்திருந்த அர்ஜுனன், இளவரசன் உத்தரனுக்குத் தேரோட்டியாகப் போகிறான். கௌரவர் படையைக் கண்டு உத்தரன் நடுங்கியதும் இருவரும் இடம் மாறுகிறார்கள்: தேரோட்டி வில்லெடுக்கிறான், இளவரசன் கடிவாளம் பிடிக்கிறான். போர் முடிந்ததும் காண்டீவம் மறுபடி வன்னி மரத்துக்குப் போகிறது; அர்ஜுனன் கடிவாளத்தை வாங்கிக்கொள்கிறான், உத்தரன் தேர்த்தட்டில் தன் இடத்துக்குத் திரும்புகிறான்.