வெட்டுப்புள்ளிக்குக் கீழே

இலங்கையில் தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு வெளிவரும் நாளில் அதிபரிடம் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: வெட்டுப்புள்ளிக்கு மேலே எத்தனை பேர்? வலயக் கல்விப் பணிமனை கேட்கிறது, பழைய மாணவர் சங்கம் கேட்கிறது, அடுத்த வருடம் பிள்ளையைச் சேர்க்க யோசிக்கும் தாய் கேட்கிறாள். சில நாட்களில் பாடசாலை வாசலில் பதாகை ஏறிவிடுகிறது. முப்பத்தைந்து பேர் படித்த வகுப்பென்றால் நான்கைந்து முகங்கள், பக்கத்தில் புள்ளிகள். மற்றப் பிள்ளைகளும் அந்த வாசலால்தான் போய் வருகிறார்கள். ஒரு ஆரம்பப் பாடசாலையின் தரத்தை இப்படி அளப்பது நியாயமா என்பது நிர்வாகக் கேள்வி மட்டுமல்ல, அறக் கேள்வியும்கூட.

பரீட்சையின் பிறப்பில் குற்றமில்லை. 1940களில் கல்வி அமைச்சராக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா நகரங்களுக்கு வெளியே மத்திய பாடசாலைகளைத் திறந்தார். 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கெட்டித்தனம் இருந்தும் கையில் காசில்லாத கிராமத்துப் பிள்ளையை அந்தப் பாடசாலைகளுக்கு அழைத்து வந்து, விடுதியில் வைத்துப் படிப்பிக்க ஒரு வழி தேவைப்பட்டது. கன்னங்கராவே புலமைப்பரிசில் பெற்றுக் காலி றிச்மண்ட் கல்லூரிக்குப் போனவர். அந்த ஏணியின் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது. அதில் ஏறி வந்த எத்தனையோ வைத்தியர்களும் ஆசிரியர்களும் இன்று நம்மிடையே இருக்கிறார்கள்.

இப்போது ஆண்டுதோறும் 3 இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் எழுதுகிறார்கள். மொத்தம் 200 புள்ளி. வெட்டுப்புள்ளியைத் தாண்டுபவர்கள் ஏறத்தாழ ஆறில் ஒருவர். உதவிப்பணம் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமே. பிரபல பாடசாலையின் ஆறாம் தரத்தில் இடம் கிடைப்பதற்கு அந்த வரையறை இல்லை. அதனால் வசதியுள்ள வீடுகள் முந்திக்கொள்கின்றன. மூன்றாம் தரத்திலேயே ரியூசன் தொடங்கிவிடுகிறது. பரீட்சைக்கு முந்திய சில நாட்களில் பிரத்தியேக வகுப்பும் கருத்தரங்கும் நடத்தக் கூடாது என்று பரீட்சைத் திணைக்களம் தடைபோட வேண்டியிருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைகளைப் பெரியவர்களிடமிருந்து காக்க ஒரு தடை!

ஐந்தாம் தர ஆசிரியரின் இடத்தில் நின்று பார்த்தால்தான் சிக்கலின் ஆழம் புரியும். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கிறது. மாதிரி வினாத்தாளில் ஐந்து பேர் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கிறார்கள். கொஞ்சம் கை கொடுத்தால் தாண்டிவிடுவார்கள். இன்னும் ஆறு பேருக்கு ஒரு பந்தியை எழுத்துக்கூட்டாமல் வாசிக்க வராது. அவர்களோடு எவ்வளவு மாரடித்தாலும் இந்த வருடம் பாடசாலையின் எண்ணிக்கை கூடப் போவதில்லை. பாடசாலை விட்ட பிறகு மிஞ்சும் அந்த ஒரு மணித்தியாலம் யாருக்கு?

ஐந்து பேருக்கே கொடுக்கும் ஆசிரியரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. அவர்களில் ஒருத்தி கூலி வேலைக்குப் போகும் தாயின் மகளாக இருக்கலாம். அவளுக்குக் கோட்டைத் தாண்டவைக்கும் அந்தச் சில புள்ளிகள் நல்லதொரு பாடசாலை, மாதாமாதம் கொஞ்சப் பணம், வேறொரு வாழ்க்கை. அப்படியிருந்தும் அந்த மணித்தியாலத்தில் முதல் உரிமை மற்ற ஆறு பேருக்குத்தான். கோட்டைத் தவறவிட்டவள் இழப்பது பெரிய பாடசாலை ஒன்றின் இடத்தை. அது சின்ன இழப்பல்ல, ஆனால் அவள் எந்தப் பாடசாலையிலும் தொடர்ந்து படிப்பாள். வாசிக்கத் தெரியாமல் ஆறாம் தரத்துக்குப் போகிறவன் விஞ்ஞானத்தையும் வரலாற்றையும் கணிதத்தையும் ஒரே நாளில் இழக்கிறான். அங்கே அவனை உட்கார்த்தி எழுத்துச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரமில்லை. 5 முதல் 16 வயது வரை பாடசாலைக்குப் போவது இலங்கையில் சட்டப்படி கட்டாயம். வந்தே ஆக வேண்டும் என்று பிள்ளையை அழைத்த அரசு, அவனைக் கணக்கில் சேராத ஆளாக வகுப்பின் கடைசி வாங்கில் வைத்திருக்க முடியாது.

புள்ளி பிள்ளையின் உழைப்பை மட்டும் காட்டுவதில்லை என்பதை அரசே ஒருவகையில் ஒப்புக்கொண்டிருக்கிறது. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிமூலத்துக்கு மொழிமூலம் வேறுபடுகிறது. முல்லைத்தீவுப் பிள்ளையைக் கொழும்புப் பிள்ளையின் கோலால் அளக்கக் கூடாது என்ற நியாயம் அதில் இருக்கிறது. அந்த நியாயம் மாவட்ட எல்லையில் நின்றுவிடுகிறது. நுவரெலியா மாவட்டத்தில் அட்டன் நகரத்துப் பிள்ளைக்கும், கொழுந்து பறிக்கும் அம்மா விடியற்காலையில் மலைக்குப் போன பிறகு தோட்டத்து லயத்திலிருந்து தானே புறப்பட்டு வரும் பிள்ளைக்கும் ஒரே கோடுதான். அந்த இரண்டு பிள்ளைகளின் பாடசாலைகளை ஒரே பட்டியலில் மேலும் கீழுமாக எழுதுவது உண்மைக்குப் புறம்பானது.

புள்ளிக்காக நடக்கும் இந்த ஓட்டத்தின் பாரம் பிள்ளைகள் மேல்தான் விழுகிறது. 2024 செப்டம்பர் பரீட்சையில் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகின. விடயம் உயர் நீதிமன்றம் வரை போய், டிசம்பர் 31இல்தான் முடிவு வந்தது: மறுபரீட்சை இல்லை, அந்த மூன்று வினாக்களுக்கும் எல்லோருக்கும் முழுப் புள்ளி. மறுபரீட்சை எழுதினாலும் பிள்ளைக்குத்தான் பாரம். சரியான விடையைத் தானே யோசித்து எழுதிய பிள்ளைக்கு இந்த முடிவிலும் இழப்பு. மூன்றரை மாதம் காத்திருந்ததும் பிள்ளைகளே.

பரீட்சையை ஒழித்துவிடலாம் என்ற குரலிலும் நியாயம் உண்டு, ஆனால் அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. நல்ல பாடசாலைகள் கைவிரல் எண்ணிக்கையில் இருக்கும்வரை, பரீட்சை போன இடத்தில் செல்வாக்கும் சிபாரிசுக் கடிதமும் வந்து உட்காரும். ஏழைப் பிள்ளைக்குப் பரீட்சையாவது ஒரு கதவு. ஆகவே அது இருக்கட்டும். பிள்ளைக்கு உதவி கொடுப்பதற்கான கருவியாக மட்டும் இருக்கட்டும். புள்ளி பிள்ளைக்கும் பெற்றாருக்கும் உரியது, பாடசாலையின் விளம்பரத்துக்கு உரியதல்ல.

பதாகை கட்டாத பாடசாலைக்கு அடுத்த வருடம் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்ற அதிபர்களின் பயம் பொய்யில்லை. முதலாம் தரத்தில் பத்துப் பிள்ளைகள்கூடச் சேராத பாடசாலைகளுக்கு மூடுவிழாப் பயமும் உண்டு. அந்தப் பயத்தை அதிபர் ஒருவர் தனியே சுமக்க முடியாது. வலயப் பணிமனை தன் கேள்வியை மாற்ற வேண்டும். வெட்டுப்புள்ளிக்கு மேலே எத்தனை பேர் என்பதற்கு முன்னால், மூன்றாம் தர முடிவில் வாசிக்கத் தெரியாமல் இருந்தவர்கள் எத்தனை பேர், ஐந்தாம் தர முடிவில் அவர்களில் எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால், அந்த ஒரு மணித்தியாலத்தை ஆறு பேருக்குக் கொடுத்த ஆசிரியரிடமும் காட்டுவதற்கு ஒரு கணக்கு இருக்கும்.