மதுரை எவ்வளவு தூரம்?

சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு மூன்று வழிகள் உண்டு. கொடும்பாளூர்க் குளத்தருகே பாதை சூலம்போல் பிரிகிறது: வலப்பக்கம் சிறுமலை, இடப்பக்கம் திருமால்குன்றம், நடுவில் காட்டுவழி. எங்கே என்ன மரம், எங்கே பொய்கை, எங்கே தெய்வம் மயக்கும் என்று மாங்காட்டு மறையவர் விரித்துச் சொல்கிறார். வழி கேட்டவன் கோவலன். மறுமொழி சொல்பவர் கவுந்தியடிகள். நடக்கப்போகும் மூன்றாமவள் பேசவில்லை. முன்பு, புகாரிலிருந்து ஒரு காதம் நடந்து களைத்தபோது, மதுரை எங்கே என்று கண்ணகி கேட்டாள். முப்பது காதத்தை அருகில்தான் என்பதுபோல் சொல்லிச் சிரித்தான் கணவன்.

ஆண்டுதோறும் நான் பாடம் நடத்தும் பகுதி இது. தூரம் தெரியாதவள் உடன் நடந்ததைச் சம்மதம் என்று சொல்ல முடியுமா?

எங்கள் சோளிங்கர்ப் பெண்கள் நடக்காதவர்கள் அல்ல. பெரிய மலைக்கு 1305 படி. ரோப் கார் வந்த பிறகும் வேண்டிக்கொண்டவர்கள் ஏறித்தான் போகிறார்கள். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி வரை நடக்கிறார்கள். பௌர்ணமியில் திருவண்ணாமலையை 14 கிலோமீட்டர் சுற்றுகிறார்கள். நள்ளிரவில் நடக்கும் பெண்ணை ‘எங்கே போகிறாய்’ என்று கேட்காத சாலை எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். மறுநாள் இரவு அதே சாலையில் கேட்பார்கள்.

என் மாணவி ஒருத்தியின் அம்மா ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறார். விடியலில் கம்பெனி பஸ், இருட்டியதும் கம்பெனி பஸ். ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரை வெளிநாட்டுக் கால்களுக்குத் தைப்பவர்களில் பெரும்பாலோர் இவரைப் போன்ற பெண்கள். “சாமிக்குன்னா அனுப்புவாங்க மேடம். சும்மா நடக்கணும்னா எதுக்குன்னு கேப்பாங்க” என்றார். நேர்த்திக்கடனைப் பொய் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பக்தியும் உண்டு, கால்களின் ஆசையும் உண்டு. இரண்டாவதைச் சொல்ல அவருக்குச் சொல் கிடைக்கவில்லை, அவ்வளவே.

அமெரிக்காவில் எம்மா கேட்வுட் 1955இல், தமது 67ஆம் வயதில், அப்பலாச்சியன் பாதையின் 3,200 கிலோமீட்டருக்கும் மேலான தூரத்தைத் தனியாக நடந்து முடித்தார். பதினோரு பிள்ளைகளின் தாய். பல ஆண்டுகள் கணவனிடம் அடிபட்டு, விவாகரத்துப் பெற்றவர். தோளில் தாமே தைத்த பை, காலில் கேன்வாஸ் ஷூ. பிள்ளைகளிடம் நடக்கப் போகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

கண்ணகியும் ஒருமுறை தனியே வழி தேர்ந்தாள். மதுரை எரிந்த பின், இரவு பகல் பாராமல், மேடு பள்ளம் பாராமல், வையைக் கரையோடு மேற்கே மலைக்குப் போனாள். அதைப் பெண் விடுதலை என்று மேடையில் கைதட்டுகிறோம். எனக்குக் கைதட்ட வரவில்லை. கேட்க யாருமே மிஞ்சாதபோதுதான் அந்த வழி அவளுக்குக் கிடைத்தது.

எல்லாரும் உயிரோடிருக்க, இருட்டுவதற்குள் வீடு திரும்பவும் முடிகிற வழியைத்தான் நானும் என் தோழிகளும் தேடுகிறோம். மறையவர் பொய்கைகளைச் சொன்னார். நாங்கள் கழிப்பறை எங்கே, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்றும் குறித்துக்கொள்கிறோம்.