விருந்தாளியின் கடன்

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நமது முதுமொழி. நினைப்பதோடு கடன் தீர்ந்துவிடுமா, போய்ப் பார்க்கவும் வேண்டுமா என்பதை அது சொல்லவில்லை. இருபது வருடங்களுக்கு மேலாக நான் அந்த முதுமொழியின் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன்.

2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது. அடுத்த வருடம், மலைநாட்டு மாணவர்களைக் கிழக்கிலும் கிழக்கு மாணவர்களை மலைநாட்டிலும் வீடுகளில் தங்கவைக்கும் ஒரு பரிமாற்றத் திட்டத்தில், கண்டி மாவட்டத்துப் பையனான நான் குச்சவெளிக்குப் போனேன். திருகோணமலையிலிருந்து வடக்கே, நிலாவெளியைக் கடந்து புல்மோட்டைக்குப் போகும் வீதியில் இருக்கும் கடற்கரை ஊர் அது. எனக்குக் கிடைத்தது ஒரு மீனவக் குடும்பம். கிடுகு வேலி, முற்றத்தில் ஒரு கிணறு. வீட்டுக்காரரின் மனைவியை நான் மாமி என்றேன். அவர் என்னை மகன் என்றார். வீட்டில் இருந்த ஒரே கட்டிலை எனக்குத் தந்தார்கள். அதில் அதுவரை யார் படுத்தார்கள், நான் இருந்த மூன்று கிழமையும் அவர் எங்கே படுத்தார் என்று ஒரு நாளாவது நான் கேட்கவில்லை.

2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் அரிசியும் உடுப்பும் சேர்த்தார்கள். நானும் மூட்டை தூக்கினேன். லொறி வேறொரு கரைக்குப் போனது. குச்சவெளிக்குப் போக வேண்டும் என்று நினைத்தேன், போகவில்லை. 2006இல் மீண்டும் யுத்தம் மூண்டதும், பாதை சரியில்லை என்று சொல்வது எனக்கு வசதியாகப் போயிற்று. ஆனால் 2005 முழுவதும் எனக்கு வழி இருந்தது. 2009 மே மாதம் யுத்தம் முடிந்த பிறகும் வழி இருந்தது.

போகாமல் இருப்பவனுக்கு நியாயங்களுக்குப் பஞ்சமில்லை. விருந்தாளியின் உரிமை மூன்று நாட்கள், அதற்கு மேல் கொடுக்கப்படுவது ஸதகா என்பது நபிமொழியின் கருத்து. நான் கணக்குப் பார்த்தேன். இருபத்தொரு நாளில் மூன்று நாள் என் உரிமை. மீதிப் பதினெட்டு நாள் ஸதகா. ஸதகா கொடுத்தவர் திருப்பிக் கேட்பதில்லை. ஆகவே என் தலையில் கடன் எதுவும் இல்லை! வீட்டுக்காரரைச் சிரமப்படுத்தும் அளவுக்குத் தங்காதே என்று அதே நபிமொழி விருந்தாளியையும் எச்சரிப்பதை மட்டும் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ரொபர்ட் நொக்ஸையும் துணைக்கு அழைத்துக்கொண்டேன். 1660இல் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது வருடம் கைதியாக இருந்தவர். கைதிகளுக்குக் கிராமத்தவர்களே சோறு போட வேண்டும் என்பது அரச கட்டளை. 1679இல் தப்பிப் போனவர், 1681இல் இலங்கையைப் பற்றி நூல் எழுதினார். சோறு போட்ட கிராமங்களுக்குத் திரும்பி வரவில்லை. அவரை யார் குறை சொன்னார்கள் என்று கேட்டுக்கொள்வேன். ஆனால் நொக்ஸுக்குச் சோறு கட்டளையால் வந்தது. என் மாமிக்கு யாரும் கட்டளை போடவில்லை. கட்டளையால் கிடைத்ததை மறந்துவிட்டுப் போகலாம். மனம் விரும்பித் தந்ததை எந்தக் கணக்கில் எழுதுவது?

2024இல் ஒரு வழியாகப் போனேன். சட்டைப்பையில் ஒரு கடித உறை. அதற்குள், நான் பெரிய தொகை என்று நினைத்த ஒரு தொகை. இறக்கக்கண்டியில் பெரிய பாலம் வந்திருந்தது. வீடு கல்வீடாகியிருந்தது. கிடுகு வேலி இருந்த இடத்தில் மதில். கிணறு மட்டும் அதே இடத்தில் இருந்தது. மாமாவின் மௌத்தை வாசலில்தான் கேள்விப்பட்டேன்.

மாமி என் முகத்தை உற்றுப் பார்த்தார். “கண்டி மகன்தானே? சுனாமிக்குப் புறகு வந்து எங்கட கிணத்த எறச்சித் தந்த புள்ள!” என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

அது நானல்ல. எனக்கு அடுத்த வருடம் அதே வீட்டில் தங்கிய இன்னொரு மாணவன். கடல்நீர் நிறைந்து உப்பாகிப் போன கிணற்றை இறைக்க அவன் வந்திருக்கிறான். நான் மறுக்கவில்லை. சோறும் மீன் ஆணமும் வந்தன. இன்னொருவனுடைய நன்மைக்குப் பரிமாறப்பட்ட சோற்றை நான் தின்றேன். ஒரு கிழவியின் சந்தோசத்தைக் கெடுப்பானேன் என்று மனம் சொன்னது. அந்த இரக்கம் யாருக்கு இலாபமானது என்று பார்த்தால், அது எனக்குத்தான்.

கை கழுவியதும் சொன்னேன். “மாமி, கிணறு எறச்சது நான் இல்ல. நான் அதுக்கு முந்தி வந்தவன். சுனாமிக்கு நான் வரல்ல.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். “அப்ப அந்த மகன் எங்க இரிக்கார்?” என்றார். “அண்டைக்கி அவருக்கு ஒரு தேத்தண்ணி கூட ஊத்திக் குடுக்கல்ல. சீனியும் இல்ல, அடுப்பும் இல்ல. இன்னும் அது மனசில கெடக்கு. தேடிப் பாத்துச் சொல்லுங்க மகன்.”

நான் வராதது அவருடைய கணக்கில் இருக்கவேயில்லை. கொடுக்க முடியாமல் போன ஒரு தேத்தண்ணியை அவர் இருபது வருடமாகச் சுமந்திருக்கிறார். கடன்பட்டவன் நான் என்று போன இடத்தில், தன்னைக் கடன்காரியாக நினைத்துக்கொண்டு ஒருவர் இருக்கிறார். உறையை நான் வெளியே எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என் கணக்கு மூடப்பட்டிருக்கும். அவருடையது திறந்தே கிடந்திருக்கும். அவருக்குத் தேவைப்பட்டது பணமல்ல, ஒரு ஆள்.

திரும்பிப் போவது கடனை அடைப்பதற்கல்ல என்று இப்போது நினைக்கிறேன். நம்மை இன்னார் என்று உள்ளபடி காட்டிக்கொள்வதற்கும், அவர்கள் நம்மிடம் கேட்க ஏதாவது இருந்தால் அதைக் கேட்க இடம் கொடுப்பதற்கும்தான். நினைவு நம் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய காரியம். அதில் மற்றவருக்குப் பேச இடமில்லை.

அந்த மாணவனைத் தேடிக்கொண்டிருக்கிறேன். எங்களோடு வந்த இரண்டு பேரிடம் விசாரித்தாயிற்று, அவர்களுக்குத் தெரியவில்லை. கிடைத்தால் நானே கூட்டிக்கொண்டு போக வேண்டும். இன்னும் எத்தனை வருடம் மாமிக்கு இருக்கிறது என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம்.