யார் வினை? பி. யு. சின்னப்பாவின் வாழ்வை முன்வைத்துச் சில எண்ணங்கள்

இளமையில் ஒருவர் மாண்டால், "அவர் செய்த வினை அவரைத் தின்றது" என்று சொல்லி அமைதி கொள்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. வினைக் கொள்கையை உயிராகப் போற்றும் நாமே இச்சொல்லை மிக எளிதாக ஆளுகிறோம். அக்கொள்கை பிறரை இவ்வளவு எளிதில் விடுவிக்கிறதா என்பதை, எங்கள் புதுக்கோட்டை ஈன்ற ஒரு கலைஞரின் வாழ்வைக் கொண்டு எண்ணிப் பார்க்க விழைகிறேன்.

புதுக்கோட்டை உலகநாத பிள்ளை சின்னப்பா 1916ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள் பிறந்தார். தந்தையார் நாடக நடிகர். ஐந்து வயதளவிலேயே பிள்ளை மேடையேறிவிட்டான். பள்ளிப் படிப்பு நான்காம் வகுப்போடு நின்றது. தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையிலும், அடுத்து மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிலும் அவன் வளர்ந்தான். மாதம் 15 ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்த சிறுவன் தனியே பாடிக்கொண்டிருந்ததைக் கேட்ட முதலாளி, சம்பளத்தை 75 ரூபாயாக உயர்த்தினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர். விரைவிலேயே அவன் கம்பெனியின் இராஜபார்ட் ஆனான். பின்னாளில் தமிழகத்தின் முதலமைச்சரான எம். ஜி. ஆரும் அதே கம்பெனியில் சிறுவனாக இருந்தவரே.

அக்காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளைக் கொடுமைக் கூடங்கள் என்று ஒரே சொல்லில் தள்ளுவது நேர்மையாகாது. வறிய வீட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே சோறு கிடைத்தது. திருத்தமான தமிழ் உச்சரிப்பும் தாளம் தப்பாத இசையும் கிடைத்தன. நாற்பது ஆண்டுகள் பள்ளியில் பணிபுரிந்து நாம் கற்பிக்க முயன்றதை, சங்கரதாஸ் சுவாமிகளைப் போன்ற ஆசிரியர்கள் சில மாதங்களில் பதிய வைத்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் அங்கே பிள்ளை ஒப்பந்தத்தால் கட்டுண்டவன். இரவு முழுதும் நாடகம், பகலில் ஒத்திகை, ஊர் ஊராக முகாம். அவன் பாட்டில் பலர் உண்டனர்.

பிறகு மகரக்கட்டு வந்தது. ஆண்பிள்ளைகளுக்குக் குரல் உடையும் பருவத்தை இப்பெயரால் வழங்குவர். வகுப்பறையில் அது சிரிப்புக்கு உரிய செய்தி; நேற்றுவரை குழலாக ஒலித்தவன் இன்று வாசிக்க எழுந்தால் மற்றப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். பாலர் நாடகத்திலோ அதுவே வாழ்வின் முடிவு. சின்னப்பாவின் குரல் உடைந்ததும் அவருடைய கம்பெனி வாழ்வு முடிந்தது. அதுவரை ஆயிரக்கணக்கானோர் கைதட்டக் கேட்ட இளைஞன் ஊர் திரும்பினான். கையில் வேறு தொழில் இல்லை; படிப்பும் இல்லை. அவர் மனந்தளர்ந்து விழாமல், சங்கீதத்தை மீண்டும் அடியிலிருந்து பயின்றார். சிலம்பமும் குஸ்தியும் பழகினார். ஸ்பெஷல் நாடகங்களில் நடித்தார். அவருடைய பிற்காலத்து வெற்றிகளைவிட, யாரும் பார்க்காத அந்த ஆண்டுகளே எனக்குப் பெரியனவாகத் தோன்றுகின்றன.

1936இல் 'சந்திரகாந்தா' படத்தில் திரைக்கு வந்தார். 1940இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'உத்தமபுத்திர'னில் இரட்டை வேடம். தமிழ்ப் படத்தில் அதுவே முதல். 1941இல் 'ஆர்யமாலா', 1944இல் 'ஜகதலப்பிரதாபன்' என்று புகழ் ஏறியது. எம். கே. தியாகராஜ பாகவதருக்கு இணையாகப் பேசப்பட்டார். பணம் குவிந்தது. புதுக்கோட்டையில் வீடுகளாக வாங்கினார். இனி வீடு வாங்கலாகாது என்று சமஸ்தானமே தடை விதித்ததாக ஒரு செய்தி ஊரில் இன்றும் உலவுகிறது. மிகுபொருள் விரும்பாமையை விரதமாக ஏற்ற நமக்கு இது எளிதில் குற்றமாகப் படும். ஆனால் முகாம் கொட்டகையில் பலரோடு பாயில் உறங்கி வளர்ந்த பிள்ளைக்கு, தன் பெயரில் ஒரு கூரை என்பது என்னவாகத் தோன்றியிருக்கும்? போதும் என்ற சொல்லை அவருக்கு யார், எந்த வகுப்பில் கற்பித்தார்கள்?

1951 செப்டம்பர் 23ஆம் நாள் இரவு, புதுக்கோட்டையில் தம் வீட்டில் இரத்தம் கக்கி அவர் உயிர் நீத்தார். வயது முப்பத்தைந்து. அவர் நடித்த 'சுதர்சன்' அதன் பின்னரே வெளிவந்தது. மிதமிஞ்சிய மதுப்பழக்கம் அவருக்கு இருந்ததாகப் பலர் எழுதியுள்ளனர். ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது: குடித்தான், போனான்.

இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். 1942இல் வந்த 'கண்ணகி' படத்தில் கோவலனாக நடித்தவர் சின்னப்பா. அக்கதையைச் செய்த இளங்கோவடிகளைச் சமண முனிவர் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். கோவலன் பொருளைத் தொலைத்தவன் என்பதை அடிகள் மறைக்கவில்லை. முற்பிறப்பில் அவன் செய்த வினையையும் விரிவாகவே சொல்கிறார். அதனால் பாண்டியன் குற்றமற்றவன் என்று முடித்தாரா? இல்லை. ஆராயாமல் ஆணையிட்டது மன்னனின் தனிக் குற்றம்; அதற்கு அவன் உயிரையே கொடுக்கிறான். ஒருவன் வினை பயன் தருவது வேறு; அதற்குக் கருவியாக நின்றவன் ஈட்டும் வினை வேறு. இன்னும் வியப்பு கவுந்தியடிகள். அவ்விருவருக்கும் வழித்துணையாக வந்ததன்றி எந்தப் பிழையும் செய்யாத அத்துறவி, செய்தி கேட்டு உண்ணாநோன்பிருந்து உயிர் விடுகிறார். உடன் நடந்தவருக்கும் பொறுப்பு உண்டென்று அவர் உணர்ந்ததாகவே நான் கொள்கிறேன்.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றாலும் வினை சேரும் என்பது நம் நூல்களின் துணிபு. ஐந்து வயதுப் பிள்ளையை மேடையில் நிறுத்தியவர்கள் சிலர். விடியும்வரை விழித்திருந்து, இன்னொரு முறை பாடு என்று கேட்டவர்கள் பலர். டிக்கெட் வாங்கியதோடு எங்கள் தொடர்பு தீர்ந்தது என்று அவர்கள் சொல்ல இயலுமா?

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். டி. கே. எஸ். சகோதரர்களும் பாலர் சபையில் வளர்ந்தவர்கள்தாமே, அவர்கள் நாடகக் கலையின் தூண்களாக நிலைக்கவில்லையா? மெய்தான். ஆனால் அவர்கள் நால்வரும் ஒருவரையொருவர் பிரியாது இருந்தார்கள். 1925இலேயே சொந்த சபை கண்டார்கள். உழைப்பின் பயன் அவர்கள் குடும்பத்துக்கே திரும்பியது. எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி அமையவில்லை.

அமெரிக்காவில் 1921இல் சாப்ளினோடு நடித்துப் புகழ்பெற்ற ஜாக்கி கூகன் என்னும் சிறுவன், வளர்ந்தபின் தன் சம்பாத்தியம் பெரும்பாலும் செலவழிந்து போனதைக் கண்டு தாய்மீதே வழக்குத் தொடுக்க நேர்ந்தது. அதன் விளைவாக 1939இல் கலிபோர்னியாவில் சட்டம் வந்தது. நம் நாட்டில் 2017இல்தான் விதி வந்தது: குழந்தை நடிகர் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யலாகாது, இடைவிடாமல் மூன்று மணி நேரத்தைக் கடக்கலாகாது, தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் ஈடுபடுத்தலாகாது, வருவாயில் குறைந்தது 20 விழுக்காட்டைக் குழந்தையின் பெயரில் வங்கியில் வைப்புநிதியாகப் போட வேண்டும், பள்ளிப் படிப்பு தடைப்படலாகாது. நல்ல விதிகளே. பாட்டுப் போட்டி, நடனப் போட்டி என்று பிள்ளைகளைத் தொலைக்காட்சிக்கு அனுப்பும் பெற்றோரில் எத்தனை பேர் இவற்றைக் கேட்டறிந்திருப்பர் என்பது ஐயமே.

மற்றொன்றும் உண்டு. இவ்விதிகளில் குழந்தை என்பது பதினான்கு வயது நிறையாதவரைக் குறிக்கும். மகரக்கட்டு தொடங்குவதும் ஏறக்குறைய அந்த வயதில்தான். அப்போது வாய்ப்புகள் நின்றுபோய், ஒன்பதாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் பேசாமல் வந்து உட்காரும் அந்தப் பிள்ளையை, "இவன்தான் டி.வி.யில் பாடியவன்" என்று வருவோருக்கெல்லாம் காட்டாமல், மற்றப் பிள்ளைகளைப் போலவே பெயர் சொல்லி அழைத்து, விட்டுப்போன கணக்குகளை மாலையில் ஒரு மணி நேரம் உடனிருந்து போட்டுக் காட்டும் ஆசிரியரைப் பற்றி எந்த விதியிலும் எழுதப்படவில்லை.